குழந்தைகள் ஓ.பி. போஸ்டிங்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் குழந்தை மருத்துவர். தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் ஓ.பி.யில், அதாவது வெளிநோயாளர் பிரிவில், பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு பேட்ச் வரும்போதும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. நின்றுகொண்டே அரைகுறையாகப் பதில் சொல்லிச் சொல்லி மனம் கேட்காமல், நிதானமாக எழுதி வைத்திருக்கிறேன்.

வார்டில்தான் நல்ல கேஸ்கள் இருக்கின்றன. ஓ.பி.யில் வெறும் சளி, காய்ச்சல்தானே?

ஆமாம், பெரும்பாலும் சளியும் காய்ச்சலும்தான். அதனால்தான் அங்கே நிற்க வேண்டும் என்கிறேன். வார்டுக்கு வரும் குழந்தைக்கு நோய் இருக்கிறது என்று யாரோ ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். ஓ.பி.யில் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீங்கள். ஒரே காலையில் நூறு குழந்தைகள் வரிசையில் வரலாம். தொண்ணூறுக்கும் மேற்பட்டவை தானாகவே சரியாகிவிடும். மிச்சமிருப்பதில் ஒன்றோ இரண்டோ இன்று இரவுக்குள் மோசமாகக்கூடியவை. எல்லாக் குழந்தைக்கும் மூக்கு ஒழுகும், எல்லாக் குழந்தையும் அழும். அந்த ஒன்றை அடையாளம் காண்பது ஒரு வேலை. மீதிப் பேரைத் தேவையில்லாத மருந்து கொடுத்துக் கெடுக்காமல் வீட்டுக்கு அனுப்புவது இன்னொரு வேலை. இரண்டையும் வார்டில் கற்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. நலமான குழந்தை எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக வேண்டும். 4 மாதக் குழந்தை கழுத்தை எப்படிப் பிடிக்கும், 9 மாதக் குழந்தை புது முகத்தைப் பார்த்து எப்படி மிரளும், ஒன்றரை வயதுக் குழந்தை எப்படி உங்கள் டார்ச்சைப் பிடுங்கும் என்பதையெல்லாம் நூறு முறை பார்த்தவருக்குத்தான் அப்படிச் செய்யாத குழந்தை சட்டென்று கண்ணில் படும்.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்? எங்கே நிற்பது?

விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், டார்ச், இஞ்ச் டேப், ஸ்டெதாஸ்கோப், ஒரு சின்ன நோட்டு. போனை வைத்து மூச்சு எண்ணாதீர்கள், குழந்தையின் கண் போனிலேயே இருக்கும், கையை நீட்டிக் கேட்கும்.

முதல் நாள் டாக்டர் மேசைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். எடை பார்க்கும் இடத்தில் நில்லுங்கள். ஓ.பி.யில் அதிகம் கற்றுக்கொள்ளக்கூடிய இடம் அதுதான் என்பது என் எண்ணம். குழந்தை அம்மாவின் தோளில் எப்படிக் கிடக்கிறது, இறக்கிவிட்டால் நடக்கிறதா, சட்டையைக் கழற்றியதும் விலா எலும்பு தெரிகிறதா, எடை போடும்போது எதிர்த்து உதைக்கிறதா என்று எல்லாம் அங்கேயே தெரியும். ஸ்டெத் வைக்கும் முன்பே பாதிப் பரிசோதனை முடிந்துவிடும். 2 வயது வரை படுக்க வைத்து நீளம் அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்க வைத்து உயரம். ஒரே குழந்தைக்கு இரண்டு அளவுக்கும் 0.7 செ.மீ. வரை வித்தியாசம் வரும் என்பதால் எப்படி அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

தொட்டாலே அழுகிறது. எப்படிப் பரிசோதிப்பது?

புத்தகத்தில் உள்ள வரிசையை மறந்துவிடுங்கள். தலையில் தொடங்கிக் காலில் முடிப்பது பெரியவர்களுக்கு. குழந்தை தூங்கினாலோ அமைதியாக இருந்தாலோ முதலில் மூச்சை எண்ணுங்கள், இதயத்தைக் கேளுங்கள். அப்புறம் வயிறு. காது, தொண்டை இரண்டும் எப்போதும் கடைசி. பரிசோதனை மேசையைவிட அம்மா மடி நல்லது. ஸ்டெத்தின் முகப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குங்கள். அதற்கு முன் அம்மாவின் கையிலோ பொம்மையின் மேலோ வைத்துக் காட்டுங்கள்.

குழந்தை நீண்ட நேரம் அழுதால் அதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அழுகையே ஒரு தகவல். பலமாகக் கத்தி, கண்ணீர் விட்டு, அம்மா தூக்கியதும் அடங்கும் குழந்தையைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். ஊசி போட்டும் முனகலோடு நின்றுவிடும் குழந்தையைக் கண்டால் உடனே எழுந்துவிடுவேன்.

மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணித்தான் ஆக வேண்டுமா? 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாதா?

கூடாது. சின்னக் குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. சில விநாடி வேகமாக ஓடும், சில விநாடி நிற்கும். 15 விநாடியில் இரண்டு மூச்சு தவறினால் நிமிடக் கணக்கில் எட்டு தவறிவிடும். அந்த எட்டில்தான் நிமோனியா இருக்கிறதா இல்லையா என்பது நிற்கிறது.

இந்த எண்களை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் 12 மாதத்துக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல். இவை வேக மூச்சு. 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையில் 60 வந்தால் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து உருவாக்கிய முறை இது. பிறந்த முதல் வாரக் குழந்தையையும் சேர்த்து நம் நாட்டுக்காக மாற்றியமைத்ததைத்தான் ஐ.எம்.என்.சி.ஐ. (பச்சிளங்குழந்தை, குழந்தைப் பருவ நோய்களுக்கான ஒருங்கிணைந்த மேலாண்மை) என்று படிக்கிறீர்கள்.

எண்ணும்போது சட்டையைத் தூக்கி வையுங்கள். நெஞ்சின் கீழ்ப்பகுதி மூச்சை இழுக்கும்போது உள்ளே போகிறதா என்று அதே நிமிடத்தில் பார்த்துவிடலாம். எக்ஸ்ரே இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில், இரவு 9 மணிக்கு, உங்களிடம் இருக்கப்போவது இந்த ஒரு நிமிடம் மட்டுமே. அதை இப்போதே கைவசப்படுத்திக்கொள்ளுங்கள்.

அம்மாக்கள் சொல்வது பாடப் புத்தகத்தில் இல்லை. மாந்தம், குடல் ஏற்றம், செவ்வாப்பு என்கிறார்கள். என்ன எழுதுவது?

அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுங்கள். அதன் பக்கத்தில் "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டு, வரும் பதிலை எழுதுங்கள். மாந்தம் என்றால் ஒருவருக்கு வயிறு உப்பல், இன்னொருவருக்குப் பச்சையாகப் போவது, வேறொருவருக்குப் பால் குடிக்காமல் சிணுங்குவது. சொல் ஒன்று, நோய் பல.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது "இழுப்பு". சில ஊர்களில் அது வீசிங், அதாவது மூச்சிரைப்பு. சில ஊர்களில் வலிப்பு. "நைட்டெல்லாம் இழுத்துக்கிட்டே இருந்தான் டாக்டர்" என்று சொன்னால் நெபுலைசரைத் தேடி ஓடாதீர்கள். "மூச்சு இழுத்துச்சா, கை கால் இழுத்துச்சா?" என்று கேளுங்கள். கையால் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். "வீசிங்" என்ற சொல்லும் அப்படித்தான். மூக்கடைப்பில் வரும் கர் கர் சத்தத்துக்கும் வீட்டில் அதே பெயர்தான்.

இப்போது வைத்தியங்கள். குடல் ஏற்றம் என்று வயிற்றைத் தடவித் தலைகீழாகப் பிடிப்பது, உணவு சிக்கிக்கொண்டது என்று தொக்கம் எடுப்பது, கல்லில் உரைத்த உரை மருந்து கொடுப்பது, குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது என இவையெல்லாம் இன்னும் நடக்கின்றன. மாணவர்கள் பலர் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். அந்த ஒரு சுளிப்போடு அம்மா வாயை மூடிக்கொள்வார், அடுத்த முறை எதையும் சொல்ல மாட்டார். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம். பாட்டி அக்கறையோடுதான் செய்தார். அந்த அக்கறையை ஏற்றுக்கொண்டு, எது ஆபத்து என்பதை மட்டும் பிரித்துச் சொல்லுங்கள். வயிற்றில் நெற்றியில் எதையாவது தடவுவதை நான் தடுப்பதில்லை. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா உண்டாக்கும் என்பதை மட்டும் விடாமல் சொல்வேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வாய்க்குள் போக வேண்டாம், உரை மருந்தும் வேண்டாம் என்பேன். பிறந்த குழந்தையின் மார்பு வீங்கியிருந்தால் பிதுக்கக் கூடாது என்பதையும். பாட்டி கூட வந்திருந்தால் இதையெல்லாம் பாட்டியிடமே சொல்லுங்கள். வீட்டில் முடிவு எடுப்பவர் பல நேரம் அவர்தான்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி வைப்பார்கள். சாவியால் கேடு இல்லை. ஆனால் சாவி தேடும் நேரத்தில் குழந்தை மல்லாந்து கிடக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், மணியைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுங்கள்.

நான் வேறு மாநிலத்திலிருந்து அகில இந்திய ஒதுக்கீட்டில் வந்தவன். தமிழ் சரியாக வராது.

முப்பது வாக்கியங்கள் போதும், தொடங்கிவிடலாம். "பால் குடிக்கிறாளா? எத்தனை தடவை வாந்தி? மூத்திரம் எப்போ போனான்? வேற ஏதும் மருந்து குடுத்தீங்களா?" உச்சரிப்புத் தவறினாலும் தாய்மார்கள் பொறுத்துக்கொண்டு திருத்துவார்கள். கேட்காமல் விடுவதைவிடத் தப்பாகக் கேட்பது எவ்வளவோ மேல்.

மருந்து அளவைத் தப்பாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் இருக்கட்டும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, 6 மாதம், 6 கிலோ எடையுள்ள பெண் குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் சிரப் 2.5 மி.லி. என்று எழுதிக் கொடுத்தேன். 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ள சிரப்பை நினைத்து எழுதினேன், அளவு சரிதான். ஆனால் வீட்டில் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த சொட்டு மருந்துப் பாட்டில் இருந்தது. அதில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. அந்த அம்மா, "எதுக்கு இன்னொண்ணு வாங்கணும்" என்று அதிலேயே இரண்டரை மி.லி. கொடுத்துவிட்டார், இரண்டு வேளை. கொடுக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு. மறுநாள் பாட்டிலோடு வந்தார். "நீங்க சொன்ன ரெண்டரைதான் சார் குடுத்தேன்" என்றார். குழந்தையை அனுமதித்து, ரத்தப் பரிசோதனை செய்து, கூடவே இருந்து பார்த்தோம். நலமாக வீடு திரும்பினாள். அந்த இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்றிலிருந்து நான் செய்வது இது. கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்று முதலில் மி.கி.யில் கணக்கிடுகிறேன். அப்புறம் பாட்டிலின் பலத்தை எழுதி, அதன்பிறகே மி.லி. எழுதுகிறேன். எடை போடாமல் எந்த மருந்தும் எழுதுவதில்லை. "வீட்டுல என்ன மருந்து இருக்கு?" என்று கேட்கிறேன். கடைசியாக, சிரிஞ்சிலோ மூடியிலோ அளவுக்கோட்டைக் காட்டச் சொல்லி, அம்மாவே எனக்குத் திருப்பிச் சொல்லும்வரை விடுவதில்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதனால் அந்தக் கேள்வியால் பயன் இல்லை.

இருமல் சிரப்பும் ஆன்டிபயாடிக்கும் கேட்டு அடம்பிடிக்கிறார்கள். ஒன்றும் எழுதாமல் அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் வெறும் கையோடு அனுப்பக் கூடாது. சளிக்கு எத்தனை நாள் ஆகும் என்று சொல்லுங்கள். இருமல் இரண்டு வாரம்கூட நீடிக்கலாம் என்று தெரியாததால்தான் மூன்றாம் நாளே வேறு டாக்டரைத் தேடிப் போகிறார்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, அடிக்கடி பால், ஒரு வயது தாண்டியிருந்தால் கொஞ்சம் தேன். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

இருமல் சிரப் விஷயத்தில் நான் கொஞ்சமும் இறங்கி வருவதில்லை. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த இருமல் சிரப்பால் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் இறந்தார்கள். அது காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான மருந்து. சாதாரண இருமலுக்காக எழுதப்பட்டது. அந்த அக்டோபரில், 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுத வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை மறுபடியும் அறிவுறுத்தியது. கலப்படம் இல்லாவிட்டாலும் இந்தச் சிரப்புகளால் சின்னக் குழந்தைகளுக்கு நன்மை கிடையாது. இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள், என் அனுபவம் அதுதான்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். எழுதினால் போதாதா? அதில் கற்க என்ன இருக்கிறது?

எழுதுவது எளிது. கலக்கச் சொல்லிப் பாருங்கள். 1 லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டுபவர்களும், பாதிப் பொட்டலத்தைப் பால் பாட்டிலில் போடுபவர்களும் இருக்கிறார்கள். அளவு தவறினால் உப்பு கூடிக் குழந்தைக்குக் கேடு. அதனால் ஓ.பி.யிலேயே ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துக் கலக்கிக் காட்டுவோம். மாணவர்களைத்தான் கலக்கச் சொல்வேன்.

1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. சிரை வழித் திரவம் தீர்ந்துபோனது. அங்கிருந்த மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பெரிய பீப்பாய்களில் வைத்து, உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஊட்டியவர்கள் பெரும்பாலும் நர்ஸோ டாக்டரோ அல்ல, அம்மா, அப்பா போன்ற உறவினர்கள்தான். ஓ.பி. மேசையில் நீங்கள் ஐந்து நிமிடம் சொல்லிக் கொடுப்பது அதே வேலை.

2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒவ்வொரு முறை போன பின்பும் 50 முதல் 100 மி.லி., ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மெதுவாக மறுபடியும். 14 நாள் துத்தநாகம்: 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., 2 முதல் 6 மாதத்துக்கு 10 மி.கி. இரண்டு நாளில் பேதி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

உடனே சீனியரைக் கூப்பிட வேண்டிய குழந்தை எது?

பால் குடிக்க முடியாத குழந்தை. எதைக் கொடுத்தாலும் முழுவதும் வாந்தி எடுக்கும் குழந்தை. இப்போது வந்திருக்கும் நோயில் வலிப்பு வந்த குழந்தை. துவண்டு கிடக்கும், கூப்பிட்டால் திரும்பாத குழந்தை. இவற்றோடு, அமைதியாக இருக்கும்போதே மூச்சில் சத்தம் வந்தாலோ நெஞ்சு குழி விழுந்தாலோ, 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தாலோ உடல் சில்லிட்டிருந்தாலோ வரிசையைப் பார்க்காதீர்கள். தூக்கிக்கொண்டு வாருங்கள். "ஒன்றுமில்லாமல் போய்விட்டால் திட்டுவாரோ" என்று யோசிக்க வேண்டாம். அப்படிக் கூப்பிட்டதற்காக என் ஓ.பி.யில் யாரும் திட்டு வாங்கியதில்லை.

வளர்ச்சி வரைபடத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் புள்ளி வைக்க நேரம் எங்கே?

ஒரு புள்ளி வைக்க அரை நிமிடம். 5 வயது வரை உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வரைபடம், அதன்பின் 18 வயது வரை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வரைபடம். அந்த 2006 வரைபடத்துக்காக அளந்த ஆறு நாட்டுக் குழந்தைகளில் டெல்லிக் குழந்தைகளும் உண்டு, ஆகவே "இது வெளிநாட்டுக் கணக்கு" என்று ஒதுக்க முடியாது. ஒரு புள்ளியால் பெரிதாகத் தெரியாது. அட்டையில் உள்ள பழைய எடைகளையும் சேர்த்து மூன்று புள்ளி வைத்துக் கோடு போடுங்கள். கோடு படுத்திருந்தால் சளிக்கு வந்த குழந்தைக்கு இன்னொரு கதை இருக்கிறது. அப்போது "நல்லா சாப்பிடுறானா?" என்று கேட்காமல், "நேத்துக் காலையில எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டான்?" என்று கேளுங்கள். டீயும் பிஸ்கட்டும் மட்டுமே இரண்டு வேளைச் சாப்பாடாக இருப்பது அப்போதுதான் வெளிவரும். 6 மாதம் முதல் 5 வயதுக்குள் மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. அந்தக் குழந்தையை வெறும் சிரப்போடு அனுப்பிவிடாதீர்கள்.

வளர்ச்சிப் படிகளுக்குத் திருவனந்தபுரம் அட்டையைப் பயன்படுத்துங்கள். 2 வயது வரை 17 செயல்கள். குழந்தையின் வயதில் பென்சிலைச் செங்குத்தாக வையுங்கள். பென்சிலுக்கு இடப்பக்கம் முழுதாக முடிந்துவிட்ட எதையாவது குழந்தை செய்யவில்லையென்றால் மேலும் பார்க்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு வயதைத் திருத்திக் கணக்கிட மறக்காதீர்கள்.

தடுப்பூசி அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டேன். போதுமா?

ஒரு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டு வாருங்கள். கிராம சுகாதார செவிலியர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். தேதி தவறிய குழந்தைக்கு எதிலிருந்து தொடர்வது, லேசான சளி இருந்தால் போடலாம் என்பதை அம்மாவுக்கு எப்படிப் புரிய வைப்பது, தடுப்பூசி வெப்பத்தில் கெட்டதா என்பதைக் காட்டும், குப்பியின் மேல் உள்ள சதுரம் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது என எதையும் எங்களைவிட அவர்கள் நன்றாகச் சொல்லித் தருவார்கள். மருத்துவக் கல்லூரி ஓ.பி. முழு ஆரம்ப சிகிச்சை ஆகாது. குழந்தை எங்கே வளர்கிறது என்பது அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும்தான் தெரியும். 2013 முதல் நடக்கும், குழந்தைகளைப் பரிசோதித்துக் குறைகளை முன்கூட்டியே கண்டறியும் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் குழுவோடு ஒரு நாள் பள்ளிக்கும் போக அனுமதி கேளுங்கள்.

லாக் புக்கில் கையெழுத்து வாங்கினால் தேர்வுக்குப் போதுமா?

தேர்ச்சிக்குப் போதும். ஆனால் நான் தேர்வாளராகப் போகும் இடங்களில், மூச்சை ஒரு நிமிடம் எண்ணும் மாணவர் யார், இருபது விநாடியில் கையை எடுப்பவர் யார் என்று தூரத்திலிருந்தே தெரிகிறது.

பார்த்த குழந்தைக்கு அப்புறம் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, நீங்கள்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். போஸ்டிங்கின் முதல் வாரத்தில் மூன்று குழந்தைகளைத் தேர்ந்தெடுங்கள். சளிக்கு வந்த ஒன்று, எடை ஏறாத ஒன்று, தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தை ஒன்று. பெயர் வேண்டாம், ஓ.பி. எண்ணும் திரும்பி வர வேண்டிய தேதியும் நோட்டில் இருக்கட்டும். அந்தத் தேதியில் வேறு எங்கே வகுப்பு இருந்தாலும் என்னிடம் சொல்லிவிட்டு ஓ.பி.க்கு வாருங்கள், அனுமதி வாங்கித் தருகிறேன். வரவில்லையென்றால் அந்தப் பகுதிச் செவிலியர் மூலம் ஏன் என்று கேட்போம். பேருந்துக் காசு இல்லாததாலும் கூலி போய்விடும் என்பதாலும் வராமல் நின்றவர்கள் அதில் நிறைய. எடை ஏறாமல் வந்த குழந்தை இரண்டு வாரம் கழித்து முந்நூறு கிராம் கூடி வந்தால், அந்தப் புள்ளியை வரைபடத்தில் நீங்களே வையுங்கள், அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.